பழைய மஹிந்திரா ஜீப்பை மீட்டெடுக்கப் போகிறீர்களா? பெயிண்டைக் கடைசிக்கு வையுங்கள்

பாதி பிரித்த நிலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் ஜீப்புகளின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். வாங்கிய வாரமே பாடியைக் கழற்றி டிங்கரிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்து பெயிண்ட், அகல டயர், எல்இடி விளக்கு. பிரேக், ஸ்டீயரிங், ஆக்ஸில் என்று உயிரைக் காக்கும் வேலைகளுக்கு வரும்போது பணமும் தீர்ந்திருக்கும், ஆர்வமும் வடிந்திருக்கும். இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டாலே பாதி ஜீப்புகள் சாலைக்கு வந்துவிடும்.

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஏணி போன்ற சேசிஸ், பட்டை ஸ்பிரிங், கம்ப்யூட்டர் இல்லாத எஞ்சின். சிஜே-3பி மாடலில் இருக்கும் 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினானாலும், எம்எம் 540 மாடலில் வரும் 2,112 சிசி பியூஜோ டீசலானாலும், வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. போடி, கம்பம் பக்கம் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறிக்கொண்டிருப்பதால் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை.

முதலில் காகிதம். ஆர்சியில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள் வகை மூன்றும் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். பெட்ரோல் ஜீப்பில் பின்னாளில் டீசல் எஞ்சின் ஏற்றி, ஆர்சியில் பதியாமலே விட்டவை ஏராளம். அந்தச் சிக்கல் உங்கள் தலையில்தான் விழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மீறினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சின் மாற்றும் எண்ணம் இருந்தால் ஆர்டிஓ ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் தாண்டிய வண்டியை, 2021-இல் வந்த விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்றாடப் போக்குவரத்துக்கும் ஓட்டக் கூடாது. ஆகவே அசல் நிலைக்கு மீட்பதா, ஓட்டுவதற்கேற்ப மேம்படுத்துவதா என்று தொடக்கத்திலேயே முடிவெடுங்கள். இரண்டையும் ஒரே வண்டியில் செய்ய முடியாது.

இன்னொன்று. எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்று வாங்கப் போகும்போது சேசிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள். துரு எடுக்கிறேன் என்று கிரைண்டரையோ மணல் பிளாஸ்டையோ அந்த இடத்தில் ஓட்டினால் எண் தேய்ந்துபோகும். பிறகு அதை யாரிடமும் நிரூபிக்க முடியாது. வேலை தொடங்கும் முன் எண்ணைப் படமெடுத்து, கிரீஸ் தடவி, தடித்த டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

சேசிஸைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்த இடம் மந்தமாகக் கேட்கும். ஸ்பிரிங் ஹேங்கர்கள், பின் கிராஸ் மெம்பர், ஸ்டீயரிங் பாக்ஸ் பிடிக்கும் இடம் ஆகிய மூன்றிலும்தான் விரிசல் முதலில் வரும். முன்னும் பின்னும் ஒத்த துளைகளை வைத்து மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 6 மி.மீ.க்கு மேல் போனால் சேசிஸ் கோணியிருக்கிறது. சேசிஸைப் பிடித்து நேராக்கும் ஜிக் இருக்கும் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஒட்டுத் தகடு வைக்கும்போது அதன் முனைகளைச் சாய்வாக வெட்டுங்கள். சேசிஸுக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் ஓடினால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே விழும்.

சக்கரம் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர ஸ்டட்டுகள் இடமரையாக, அதாவது எதிர்த்திசையில் கழலுபவையாக இருக்கும். நுனியில் எல் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருப்பார்கள். தெரியாமல் வழக்கமான திசையில் குழாய் மாட்டி நெம்பினால் நட் இறுகி ஸ்டட் முறியும். அதேபோல் பின் ஆக்ஸில் நுனி குறுகும் டேப்பர் ஷாஃப்டாக இருந்தால் ஹப்பை எடுக்க அதை இழுத்துக் கழற்றும் புல்லர் வேண்டும். சுத்தியால் அடித்தால் ஹப் வருகிறதோ இல்லையோ, பேரிங் போய்விடும்.

இனி பிரேக். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். நான்கு சக்கர வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமான ரப்பர் ஹோஸ், எல்லா இரும்புக் குழாய்கள் என மொத்தமாக மாற்றுங்கள். இருபது வருட ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அதனால் பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும், டிரம் கொதிக்கும். ரப்பர் பாகங்களை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவாதீர்கள். ஊதிப்போய் சிலிண்டருக்குள் சிக்கிக்கொள்ளும். பிரேக் ஆயில்தான் அவற்றுக்கான கழுவுநீர். டிரம்மை லேத்தில் கடையலாம், ஆனால் அசல் விட்டத்தைவிட 1.5 மி.மீ. கூடிவிட்டால் புதிது போடுங்கள். கியர் ஆயில் ஊறிய லைனிங்கை எரித்துக் காயவைத்து மாட்டுவது பல இடங்களில் நடக்கிறது. செய்யாதீர்கள். சூடானதும் ஆயில் மறுபடி கசியும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். முதலில் ஆக்ஸில் ஆயில் சீலை மாற்றி, பிறகு புது லைனிங்.

பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பது, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்க வேண்டும். வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் அது இடது பின் சக்கரம். அடுத்து வலது பின், இடது முன், கடைசியாக வலது முன்.

மேம்படுத்த ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது முன், பின் பிரேக்குகளுக்குத் தனித்தனிச் சுற்று உள்ள இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டராக இருக்கட்டும். பழைய ஒற்றைச் சுற்றில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தரைத்தகட்டுக்கு அடியிலேயே இருந்தால் டிரம் லைனுக்கு, குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு தேவை. இல்லாவிட்டால் ஆயில் பின்வாங்கி, முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும். பெடல் மிதிப்பை எளிதாக்கும் பூஸ்டர் வைக்க நினைக்கும் டீசல்காரர்கள் வேக்குவம் பம்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெட்ரோல் எஞ்சினின் மேனிஃபோல்டில் வேக்குவம் கிடைக்கும், டீசலில் கிடைக்காது.

ஸ்டீயரிங் ஆட்டத்துக்குப் பலரும் முதலில் அதிர்வைத் தணிக்கும் டேம்பரை வாங்குகிறார்கள். அது நோயை மறைக்கும் மாத்திரை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங். பிறகு டை ராடு முனைகள், பெல் கிராங்க், ஸ்பிரிங் புஷ். காஸ்டர், அதாவது கிங்பின் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம், 3 டிகிரி அளவில் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் முன்பக்கம் உள்ள ஜீப்பில் உயரத்துக்காக நீள ஷேக்கிள் மாட்டினால் காஸ்டர் குறைந்து, வேகத்தில் சக்கரம் நடுங்கத் தொடங்கும்.

செகண்ட்ஸ் ஆக்ஸில் வாங்கி மாட்டுவோர் கவனிக்க: முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டின் கியர் விகிதமும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். ஒன்று 5.38, இன்னொன்று 4.27 என்றால் ஃபோர் வீலில் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கும். கண்டுபிடிப்பது எளிது. நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்றதைத் தரையில் அசையாமல் நிறுத்துங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அந்த நேரத்தில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். விகிதம் சரியாக இருந்தாலும் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் வேண்டாம். ஆயிலிலும் குழப்பம் நடக்கிறது: பித்தளை சிங்க்ரோ உள்ள கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில், ஆக்ஸில் ஹவுசிங்குக்கு ஜிஎல்-5.

டயரை ஆசைக்கு ஏற்றாதீர்கள். 235/75 ஆர்15 பழைய 6.00-16 டயரின் உயரத்தை ஏறத்தாழ ஒட்டி வரும். 31 அங்குல டயர் சுமார் 8 சதவீதம் பெரிது: மீட்டரில் 50 காட்டும்போது உண்மை வேகம் 54, மேட்டில் இழுவை குறையும், பிரேக்கும் அதே அளவு வலுவிழக்கும்.

ஒயரிங்கை ஒட்டுப்போடாமல் முழுவதும் புதிதாக இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஃப்யூஸ், ஹெட்லைட்டுக்கு ரிலே, எஞ்சினிலிருந்து சேசிஸுக்கும் அங்கிருந்து பாடிக்கும் தடித்த எர்த் பட்டை. பழைய டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்தால் டைனமோவின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட்டையும் கழற்றிவிடுங்கள்.

பாடியைப் பூசும் முன் வெறும் சேசிஸ் நிலையிலேயே வண்டியை ஓட்டி, நிறுத்தி, திருப்பிப் பாருங்கள், காலி மைதானத்தில். கழற்றிப் போட வேண்டிய குறை இருந்தால் புதுப் பெயிண்ட் கீறாது. சாலைக்கு வந்து 100 கிலோமீட்டர் ஆனதும் ஸ்பிரிங் யு-போல்ட், வீல் நட், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள், ஸ்டீயரிங் இணைப்புகளில் ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நான்கு ஹப்பிலும் கை வையுங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் பேரிங் இறுக்கம் அதிகம், அல்லது பிரேக் ஷூ உரசுகிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த பயணம் வேண்டாம்.