விடிஎம் குழாயில் வைரஸ் வளராது

சென்ற வாரமும் ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. உள்ளே காய்ச்சல் நோயாளிகளின் மூக்கு, தொண்டை மாதிரிகள் 24 இருந்தன. ஐஸ் பேக்குகள் முற்றிலும் உருகித் தொளதொளத்துக் கிடந்தன. மாதிரி ஆய்வகம் சேரும்வரை வைரஸ் கெடாமல் வைத்திருக்கும் விடிஎம் (வைரல் டிரான்ஸ்போர்ட் மீடியம்) என்ற இளஞ்சிவப்புத் திரவம் ஒன்பது குழாய்களில் மஞ்சளாகிக் கலங்கியிருந்தது. ஒன்றைச் சாய்த்துப் பார்த்தபோது அடியில் வெண்மையான படிவு மெல்லப் புரண்டது. அனுப்பிய கல்லூரி ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். "விடிஎம் நாங்களே போட்டதுதான் மேடம். மீடியம்தானே, இரண்டு நாள் தாமதமானால் வைரஸ் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்குமே?" என்றார் அங்கிருந்த ஆய்வக நுட்புநர். இந்தப் பதிலை நான் பலமுறை கேட்டுவிட்டேன்.

மீடியம் என்ற சொல்தான் குழப்பத்தின் வேர். பாக்டீரியாவை அகார் தட்டில் வளர்த்துப் பழகியவர்கள், விடிஎம்மையும் வைரஸுக்கான தீனி என்று எண்ணிவிடுகிறார்கள். வைரஸுக்குத் தீனி என்று ஒன்று கிடையாது. உயிருள்ள செல்லுக்குள் நுழைந்தால் மட்டுமே அது பெருகும். செல் வளர்ப்பு இல்லாத குழாயில் ஒரு வைரஸ் துகள்கூட அதிகரிக்காது. நேரம் போகப்போகக் குறையத்தான் செய்யும். அந்தக் குழாயில் வளரக்கூடியவை நோயாளியின் மூக்கிலிருந்தோ நம் கையிலிருந்தோ வந்த பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். அவை அமிலத்தை உண்டாக்குவதால்தான் திரவத்திலுள்ள ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி மஞ்சளாகிறது. அவற்றை அடக்கவே பாக்டீரியாவுக்கு எதிரான ஜென்டாமைசினையும் பூஞ்சைக்கு எதிரான ஆம்ஃபோடெரிசினையும் சேர்க்கிறோம். அவை வைரஸைத் தொடுவதில்லை.

பல்கலைக்கழக ஆய்வகங்கள் இதைத் தயாரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் ஸ்வாப்புக்கு (மாதிரி எடுக்கும் குச்சிக்கு) உலகம் பெரிதும் நம்பியிருந்தது இத்தாலியின் லொம்பார்டியிலுள்ள கோபான், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள பியூரிட்டன் ஆகிய இரண்டு நிறுவனங்களைத்தான். அந்தத் தட்டுப்பாட்டில் தென் புளோரிடா பல்கலைக்கழகத்தின் கதிரியல் துறையினர் முப்பரிமாண அச்சு முறையில் ஸ்வாப் செய்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஸ்வாப்பையும் விடிஎம்மையும் உருவாக்கியது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தன் விடிஎம் செய்முறையை எல்லோருக்கும் திறந்து வைத்தது. ஹாங்க்ஸ் உப்புக் கரைசல் 500 மில்லிலிட்டர், 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிய கன்றுக்கரு சீரம் 2 சதவீதம், மேற்சொன்ன இரண்டு மருந்துகள் ஆகியவற்றைக் கலந்து மூன்று மில்லிலிட்டர் வீதம் பிரித்தால், 160-க்கு மேற்பட்ட குழாய்கள் ஒரே முற்பகலில் தயாராகிவிடும்.

கலப்பது அவ்வளவு எளிதாக இருப்பதால்தான் சோதனையை விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில குழாய்களை 37 டிகிரியில் சில நாட்கள் வைத்து, கலங்கலோ நிறமாற்றமோ இல்லை என்று உறுதி செய்யாமல் ஒரு குழாயையும் வெளியே அனுப்பாதீர்கள். கலந்து முடித்ததை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) வைக்காதீர்கள், சீரம் திரிந்துவிடும். மரக்குச்சி, கால்சியம் ஆல்ஜினேட் ஸ்வாப்புகள், வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையைத் தடுக்கக்கூடும் என்பதால், செயற்கை இழையும் பிளாஸ்டிக் தண்டும் உள்ளவற்றையே இணைத்து அனுப்புங்கள். வைரஸைச் செயலிழக்கச் செய்யும் குவானிடின் என்ற வேதிப்பொருள் கலந்த திரவம் தயாரிக்கும் இடத்தில் பிளீச்சிங் கரைசலைக் கிட்டே கொண்டுவராதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

ஆராய்ச்சி ஆய்வகங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பரிசோதிக்கப்போகும் வைரஸின் மரபணுவைப் பிளாஸ்மிடில் (வளைய வடிவ டிஎன்ஏவில்) வைத்து வேலை செய்யும் அறையில் விடிஎம் பிரிக்கக் கூடாது. 2020 பிப்ரவரியில் சிடிசி அனுப்பிய கொரோனா பிசிஆர் சோதனைப் பெட்டிகள் பல மாநில ஆய்வகங்களில், வைரஸே இல்லாத கட்டுப்பாட்டு மாதிரியிலும் எதிர்வினை காட்டின. அதன் ஒரு கூறில் செயற்கை மரபணுத் துணுக்கு கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே நடந்த பிழை, ஒரே மேசையில் எல்லாவற்றையும் செய்யும் நம் கல்லூரிகளில் நடக்காது என்று எப்படி நம்புவது? ஆகவே, மாதிரி எதுவும் வைக்காத குழாய் ஒன்றையும் தொகுதிதோறும் பிசிஆரில் ஓட்டிப் பாருங்கள்.

மாதிரி எடுத்தபின் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து 72 மணி நேரத்துக்குள் சேர்ப்பியுங்கள். முடியாவிட்டால் மைனஸ் 70-க்கு மாற்றுங்கள். தொகுதி எண்ணையும் தயாரித்த தேதியையும் ஒவ்வொரு குழாயிலும் தயவுசெய்து எழுதுங்கள். அன்று வந்த ஒன்பதில் ஒரு குழாயில்கூட அவை இல்லாததால், அதே தொகுதியில் மீந்த குழாய்கள் இப்போது எந்த வார்டில் இருக்கின்றன என்று எங்களால் கண்டுபிடிக்க இயலவில்லை. அந்த ஒன்பது பேரையும் மறுபடி அழைத்து, மூக்கில் மறுபடி ஸ்வாப் விட வேண்டியதாயிற்று. அவர்களில் ஒன்று நான்கு வயதுக் குழந்தை.