டிஸ்க்கை லேத்துக்குக் கொடுக்க முன்னர்

எண்பதில் ஓடும்போது பிரேக்கை மெல்ல மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. "டிஸ்க் வளைஞ்சிட்டு, லேத்தில குடுங்க" என்பார் கராஜ் பாஸ். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு, லேத் அதைக் கடையும் இயந்திரம். கடைந்து பூட்டியதும் நடுக்கம் போய்விடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் திரும்பியும் வரும். பிறகு புது டிஸ்க் வாங்குவார்கள். சில வேளை அதுவும் அப்படியே ஆகும்.

உண்மையில் வளைந்த டிஸ்க் அரிது. பிரச்சினை தடிப்பில். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயில் காலிப்பருக்குள் (டிஸ்க்கைக் கவ்வும் பிடிக்குள்) இருக்கும் பிஸ்டனைத் தள்ள, இரு பக்கமும் உள்ள பேட் (பிரேக் கட்டை) இரண்டும் டிஸ்க்கைக் கவ்வும். காலை எடுத்ததும் பிஸ்டனைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் எதுவும் இல்லை. அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் முறுக்குத் தளர்ந்து, மயிரிழை அளவே பின்வாங்க வைக்கும். ஆகவே ஓடும்போதும் பேட் டிஸ்க்கை ஒட்டியேதான் நிற்கிறது. டிஸ்க் சிறிது கோணலாகப் பூட்டப்பட்டிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் வெளிப்பக்கத்தில் ஓரிடமும், உட்பக்கத்தில் அதற்கு நேரெதிர் இடமும் பேட்டில் உரசும். அந்த இரண்டு இடமும் கொஞ்சங்கொஞ்சமாக மெலியும். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே கையில் தெரியத் தொடங்கிவிடும். தலைமயிரின் தடிப்பு அதைவிடப் பல மடங்கு. வெறும் கோணல் என்றால் காலிப்பரும் கூடவே ஆடிக்கொடுக்கும். தடிப்பு மாறும்போதுதான் பிஸ்டன் உள்ளே வெளியே போய், ஒயில் வழியாகப் பெடல் காலை உதைக்கும்.

கோணல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் பூட்டப்படும் நடுப்பகுதி) முகத்தில் இருக்கும் துருவிலிருந்து. மட்டக்களப்பில் கல்லடி, நாவலடிப் பக்கம் கடற்காற்றிலேயே நிற்கும் வாகனங்களிலும், மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகும் வண்டிகளிலும் இது கூடுதல். ஹப்பில் ஒட்டிய சிறு துருச் செதில் டிஸ்க்கின் விளிம்புக்கு வரும்போது ஏறத்தாழ இரு மடங்காகத் தெரியும். லேத்தில் எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும், அந்தத் துருவின் மேலேயே திருப்பிப் பூட்டினால் கடைந்த கூலி வீண்.

முதலில் நடுக்கம் எங்கே என்று பாருங்கள். ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம். சீற்றும் உடம்பும் அதிர்ந்தால் பின் சக்கரத்தின் பிரேக் ட்ரம் வட்டம் தவறியிருக்கலாம். ஆளில்லாத ரோட்டில் நாற்பதில், பட்டனை அமத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்தால் அது உறுதியாகும். பிரேக்கே பிடிக்காமல் ஆடினால் ரயர், வீல் பெலன்ஸ் பக்கம் போங்கள். சடுதியாக அழுத்தும்போது மட்டும் பெடல் தடதடவென்று அடித்தால் அது ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

முன் சக்கரம் என்று தெரிந்தால் டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தையும் டிஸ்க்கின் உட்புறத்தையும் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். டிஸ்க்கை வைத்து எல்லா நட்டையும் பூட்டி, டயல் கேஜ் (கோணலை அளக்கும் முள் கருவி) முனையை விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சிறிய கார்கள் பலவற்றுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. தாண்டினால் டிஸ்க்கை ஒரு நட் துளை நகர்த்தி வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். பல தடவை இதுவே போதும். பிறகு மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் தடிப்பை அளந்து எடுங்கள். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கடைந்தால் அதற்குக் கீழே போகுமென்றால் புதிது போடுவதைத் தவிர வழியில்லை.

நட் இறுக்குவதில்தான் எங்கள் ஊர் கராஜ்களில் அதிகம் பிழை நடக்கிறது. ஏர் கன்னால் ஒரே இழுவையில் இறுக்கினால் டிஸ்க் ஒரு பக்கம் இழுபடும். விட்ஸ், அக்சியோ போன்ற டொயோட்டாக்களுக்கு 103 நியூட்டன் மீட்டர் போதும்: 35 சென்ரிமீட்டர் ஸ்பனர் முனையில் ஏறத்தாழ முப்பது கிலோ அழுத்தம். பைப் செருகி ஏறி மிதிக்கத் தேவையில்லை. எதிரெதிர் நட்டாக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள்.

காலிப்பர் பின்களையும் (காலிப்பர் வழுக்கி நகரும் கம்பிகள்) இழுத்துப் பாருங்கள். ஒரு பேட் தேய்ந்து மற்றது தடிப்பாக நின்றால் அந்தக் காலிப்பர் பின் இறுகியிருக்கிறது. துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள். சாதாரண கிறீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

கண்டியிலிருந்து மஹியங்கனை வழியாக வருவோருக்கு ஒன்று. பதினெட்டு வளைவில் பிரேக்கை மட்டும் நம்பாமல் சிறிய கியரில் இறங்குங்கள். கீழே வந்து நிற்கும்போது, சூடேறிய டிஸ்க்கைப் பெடலால் அமத்திக்கொண்டே இருந்தால் பேட்டின் பொருள் அந்த இடத்தில் ஒட்டிப்போகும். அதுவும் நடுக்கம்தான், வளைவு இல்லை. நிறுத்தாமல் சிறிது தூரம் மெல்ல ஓட்டி ஆறவிடுங்கள்.

புது பேட், டிஸ்க் போட்டால் அறுபதிலிருந்து பத்துக்கு, முழுதாக நிறுத்தாமல், பத்துத் தடவை இடைவெளி விட்டுக் குறைத்துப் பழக்குங்கள். புணானைப் பக்கத்து நேர் ரோட்டில் செய்யலாம். பகலிலேயே முடித்துவிடுங்கள், பொழுதுபட்டால் அங்கே யானை குறுக்கே வரும்.