நுரை வந்தால் அழுக்கு போனதாக அர்த்தமில்லை

போன வாரம் நான்கு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்தார். கழுத்தைச் சுற்றியும் அக்குள் மடிப்புகளிலும் தோல் சிவந்து, சொறிந்து சொறிந்துத் தடித்திருந்தது. பையில் மாற்றுச் சட்டை இருந்தது. அதை வாங்கி வெறும் தண்ணீரில் முக்கிப் பிழிந்தேன். துவைத்து, காயவைத்து, மடித்து வைத்திருந்த அந்தச் சட்டையிலிருந்து நுரை வந்தது.

"நீங்க கொடுத்த களிம்போட பிசுக்கு போகவே மாட்டேங்குது டாக்டர். அதான் பவுடரை ரெண்டு மடங்கு போடுறேன்" என்றார்.

இந்த மாதத்தில் மட்டும் இது ஐந்தாவது முறை. வறண்ட தோலுக்குக் களிம்பு, களிம்பால் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு, பிசுக்குக்காகக் கூடுதல் பவுடர், அந்தப் பவுடரால் மறுபடி அரிப்பு!

நுரை அழுக்கை எடுப்பதில்லை. எடுப்பது தண்ணீரில் கரைந்த சோப்பு மூலக்கூறு: அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். தேவையான அளவுக்கு மேல் கொட்டுவது துணியிலேயே தங்கிவிடும். முன்பக்கம் திறக்கும் மெஷினுக்கான பவுடரில் நுரையை அடக்கவே தனியாக ஒரு பொருள் சேர்க்கிறார்கள். அதில் துணி வெளுக்காமலா போகிறது? தோலின் பிஹெச் (அமில, கார அளவு) 5-ஐ ஒட்டியது, அதாவது லேசான அமிலம்; சலவைத்தூள் கரைசலோ 10-ஐத் தொடும் காரம். வியர்வையில் ஊறி அது நாள் முழுக்கத் தோலில் உரசினால் என்ன ஆகும்?

இதையெல்லாம் 'அலர்ஜி' என்று சொல்லிவிடாதீர்கள். நான் பார்ப்பதில் பெரும்பாலானவை வெறும் எரிச்சல்தான், அளவைக் குறைத்தாலே அடங்கும். உண்மையான ஒவ்வாமை பெரும்பாலும் வாசனைப் பொருளாலோ, திரவ சோப்பில் சேர்க்கும் ஐசோதயசோலினோன் வகைப் பதப்படுத்திகளாலோ வருவது. அதைப் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துதான் சொல்ல முடியும். 'குழந்தைகளுக்கானது', 'இயற்கையானது' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். பொருள் பட்டியலில் வாசனை சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, பிசுக்கை எப்படி எடுப்பது? துணியை நனைக்கும் முன்பே, கறை மேல் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டு விட்டு விரலால் மெதுவாகத் தேயுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் அந்தத் துணி தாங்கக்கூடிய வெந்நீரில், வழக்கமான அளவு சோப்பு போட்டுத் துவைத்து இருமுறை அலசுங்கள். காய்ந்ததும் கறை தெரிந்தால் மறுபடி இதையே செய்யுங்கள். அதுவரை இஸ்திரி போடக் கூடாது, சூட்டில் கறை இறுகிவிடும். கையால் துவைப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மோதிரத்தின் அடியில் வெடித்த விரல்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கறையை எடுக்கப் பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கம் போகவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாரஃபின் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மெழுகு, எண்ணெய் வகை) கலந்த களிம்பு ஊறிய துணி சட்டென்று தீப்பற்றும். துவைத்தாலும் அது முழுவதும் போகாது. அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு அடுப்பருகே நிற்காதீர்கள், புகைப்பவர்கள் பக்கத்தில் உட்காராதீர்கள்.

ஆனால் கறைக்குப் பயந்து களிம்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. இரண்டு பழைய பருத்திச் சட்டைகளைக் களிம்புக்கென்றே ஒதுக்கி வையுங்கள். அவற்றில் கறை இருந்துவிட்டுப் போகட்டும்.