கில்டி பிளெஷர்: குற்ற இன்பமா, களவுச் சுவையா?

நூல் மதிப்புரைகளிலும் மொழிபெயர்ப்பு நாவல்களின் முன்னுரைகளிலும் ‘குற்ற இன்பம்’ என்றொரு சொல் அண்மைக் காலமாக அடிக்கடி தலைகாட்டுகிறது. ‘இரத்தக் காட்டேரி நாவல்கள் எனது குற்ற இன்பம்’ என்று ஒருவர் எழுதுகிறார். பழங்கோட்டையும் பேயும் திகிலும் நிறைந்த கதைகளைக் குறித்து, ‘கோதிக் கதைகளில் குற்ற இன்பம் காண்போர் பலர்’ என்று இன்னொருவர் தொடர்கிறார். ஆங்கிலத்தில் ‘கில்டி பிளெஷர்’ என வழங்கும் தொடரின் தமிழாக்கம் இது என்பதை ஆங்கிலம் அறிந்தவர் ஊகித்துக்கொள்வார். அறியாதவரோ, எழுதியவர் ஏதோ வழக்கில் சிக்கியிருக்கிறார் என்றே எண்ணுவார். மூலச்சொல்லைத் தெரிந்துவைத்திருப்பவருக்கு மட்டும் பொருள் தரும் தமிழாக்கத்தால் யாருக்கு என்ன பயன்?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘கில்ட்’ பழைய ஆங்கிலச் சொல்; குற்றம், தவறு என்பதே அதன் முதற்பொருள். தவறு செய்தவரின் நெஞ்சில் எழும் உறுத்தல் என்ற பொருள் மிகப் பிந்தியே வந்து சேர்ந்தது. ‘பிளெஷர்’ பிரெஞ்சு வழி வந்தது. இலத்தீனில் ‘மனத்துக்கு இசைதல்’ என்ற பொருளுடைய வினையில் அதன் வேர் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த தொடர் முன்பே உண்டு என்றாலும், பாட்டு, படம், நாவல் போன்ற சிறு விருப்பங்களைப் பற்றிய இன்றைய இலேசான பொருள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைபெற்றது.

பொருளை விளக்கக் கோதிக் காட்டேரி நாவலைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. இடிந்த கோட்டை, விடாத மழை, அணையப்போகும் மெழுகுவத்தி, இருநூறு ஆண்டுகளாகக் காதலுக்கு ஏங்கும் வெளிறிய முகத்துக் கோமகன், மூன்று பக்கத்துக்கு ஒருமுறை மூர்ச்சையாகும் நாயகி: இவை இல்லாமல் அந்த நாவல் இல்லை. வாசகர் அறியாதவர் அல்லர். அடுத்த அத்தியாயத்தில் சன்னல் தானாகத் திறக்கும் என்பதும், திறந்த சன்னலை நாயகி மூடமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தே வாசிக்கிறார், நன்றாக இரசிக்கிறார், யாராவது வந்தால் நூலைக் கவிழ்த்து வைக்கிறார். ‘கில்டி பிளெஷர்’ என்பது இந்த மூன்றும் சேர்ந்த நிலை. உண்மையான சுவைப்பு இருக்க வேண்டும். அது தன் தரத்துக்குக் கீழானது என்ற அறிவு இருக்க வேண்டும். பிறர் அறிந்துவிடுவாரோ என்ற கூச்சம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தொடர் பொருந்தாது.

இக்கதைகள் ஏன் மனத்தைத் தேற்றுகின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். காட்டேரி விதிகளுக்கு உட்பட்ட தீமை. 1897இல் வெளிவந்த ‘டிராகுலா’ நாவலில் அந்தக் கோமகன், வீட்டார் ஒருவர் முதலில் அழைக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது, கண்ணாடியில் அவனுக்கு உருவம் தெரியாது, பூண்டுக்கு அஞ்சுவான், தன் நாட்டு மண்ணை நிரப்பிய 50 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் இங்கிலாந்துக்கே வர முடிகிறது. இத்தனை கட்டுப்பாடுகளோடு வரும் அச்சத்தை யாரும் தாங்கிக்கொள்ளலாம். வாழ்க்கையில் வரும் அச்சங்கள் வாசலில் நின்று அனுமதி கேட்பதில்லை. நாள் முழுதும் அவற்றோடு மல்லுக்கட்டிய மனம், இரவில் விதி மாறாத பேயிடம் போய் இளைப்பாறுவதில் வியப்பு ஒன்றுமில்லை.

இந்த வகை நாவலோடு ஒளிவுமறைவு தொடக்கத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது. முதல் கோதிக் நாவல் எனப்படும் ‘ஒட்ரான்டோ கோட்டை’யை 1764இல் வெளியிட்ட ஹோரஸ் வால்போல், தம் பெயரை மறைத்து, அது பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று கதைகட்டினார், நூல் விற்றுத் தீர்ந்த பிறகே 1765இன் இரண்டாம் பதிப்பில் தாமே எழுதியதாக ஒப்புக்கொண்டு, ‘ஒரு கோதிக் கதை’ என்ற துணைத்தலைப்பையும் சேர்த்தார். 1817இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்தாங்கர் ஆபி’யில், கோதிக் நாவல்களில் மூழ்கிக் கிடக்கும் கேத்தரின், கண்ணியமான இளைஞன் ஒருவனும் அவற்றை விரும்பிப் படிக்கிறான் என்று அறிந்தவுடன், இனி அவ்வகை நாவல் ஒன்றை விரும்புவதற்கு ஒருபோதும் வெட்கப்படமாட்டேன் என்று மகிழ்கிறாள். ‘கில்டி’ என்ற அடை இந்த உணர்வின்மேல் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே ஆங்கிலத்தில் அதற்கு வழங்கிய பெயர் வெட்கம். நம் மொழிபெயர்ப்பாளர் அந்த வெட்கத்தை விட்டுவிட்டுப் பிந்தி வந்த அடையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ‘குற்ற இன்பம்’ என்ற ஆக்கத்தை நெருங்கிப் பார்ப்போம். இன்றைய தமிழில் ‘குற்ற’ என்று தொடங்கும் தொகைச்சொற்கள் பெரும்பாலும் காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் சேர்ந்தவை. குற்றப்பத்திரிகை, குற்றப்பிரிவு, குற்றவியல் சட்டம், குற்றவாளிக் கூண்டு ஆகியவற்றின் வரிசையில் ‘குற்ற இன்பம்’ வந்து நின்றால், குற்றம் செய்வதால் கிடைக்கும் இன்பம் என்றே காது பொருள்கொள்ளும். கொலையில் களிப்புறும் மனநோயாளியைப் பற்றிய கட்டுரைக்கு அச்சொல் பொருந்தும்; மழைக்காலத்தில் போர்வைக்குள் காட்டேரிக் கதை படிப்பவருக்குப் பொருந்தாது. நாவல்களைப் பற்றிப் பேசும்போது இன்னொரு மயக்கமும் நேர்கிறது. கொலை, கொள்ளை, துப்பறிதல் பற்றிய கதைகளுக்குக் ‘குற்றப் புனைவு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ‘குற்ற இன்பம் தரும் நாவல்கள்’ என்று படிப்பவர் துப்பறியும் கதைகளைத்தான் நினைப்பார். காட்டேரி நாவலைத் தேடி வந்தவரைத் துப்பறிவாளர் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் இச்சொல்லைக் கலைச்சொல் என்று எப்படி ஏற்பது?

‘குற்றம் என்பதற்குக் குறை என்ற பொருளும் உண்டே, வள்ளுவரே குற்றங்கடிதல் என்று அதிகாரம் வகுத்திருக்கிறாரே’ என்று சிலர் வாதிடக்கூடும். உண்டு. அதே அதிகாரத்தில் ‘தினைத்துணையாம் குற்றம் வரினும் பனைத்துணையாக் கொள்வர் பழிநாணு வார்’ என்ற குறளும் இருக்கிறது. குற்றமும் நாணமும் அங்கே ஒருசேர நிற்கின்றன என்றும் அவர்கள் சொல்லலாம். ஆனால் அங்கே நாணுவது பழிக்கு. தினையளவு தவறையும் பனையளவாக எண்ணி அதிலிருந்து விலகுபவரையே குறள் பேசுகிறது. நம் வாசகரோ விலகுவதாக இல்லை. முதல் பாகத்தை முடித்துவிட்டு இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கிறார். அவரைப் பழிநாணுவார் பட்டியலில் சேர்ப்பது குறளுக்கும் பொருந்தாது, அவருக்கும் பொருந்தாது.

பழைய பொருளில்தான் வேண்டும் என்றால், குற்றம் வாசகரிடம் இல்லை, நூலில் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் எனச் செல்லும் அப்பட்டியலைப் பார்த்தால், பவணந்தி முனிவர் காட்டேரி நாவல் ஒன்றைப் படித்துவிட்டுத்தான் நூற்பா யாத்தாரோ என்று தோன்றும். 1845 முதல் 1847 வரை ஒரு பென்னி விலையில் வாராவாரம் வெளிவந்த ஆங்கிலக் காட்டேரித் தொடர் ஒன்று இருநூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடியது. பத்துக் குற்றங்களில் அது செய்யாதது அரிது. அந்தக் குற்றங்களுக்காகவேதான் அதை விரும்புகிறார்கள் என்பது வேறு. நூலின் குற்றத்தில் வாசகர் இன்பம் காண்கிறார் என்று விரித்துப் பொருள்கொள்வோர் ‘குற்ற இன்பம்’ என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அப்படி எண்ணி எழுதிய ஒருவரையும் நான் கண்டதில்லை.

‘குற்றவுணர்வுடன் கூடிய மகிழ்ச்சி’ என்பது இதன் நீண்ட வடிவம். அது சொல் அன்று, விளக்கவுரை; உரையாடலில் ஒருவர் வாயிலும் நுழையாது. ‘மறையின்பம்’ என்றொரு பரிந்துரை உண்டு. மறை என்றவுடன் வேதம் குறுக்கே வந்து நிற்கிறது. ‘நாணின்பம்’ அழகாகத்தான் ஒலிக்கிறது; ஆனால் நாணுவதிலேயே இன்பம் என்றும் பொருள்படும். ‘கள்ள இன்பம்’ நெருங்கி வருகிறது. கள்ளச் சிரிப்பு, கள்ளத் தூக்கம் ஆகியவற்றில் உள்ள குறும்பு அதிலும் இருக்கிறது. ஆனால் செய்தித்தாள்கள் ‘கள்ளக் காதல்’ என்ற தொடரை நாள்தோறும் அச்சிட்டு அந்த அடைமொழியைக் கெடுத்துவிட்டன. அயற்சொல்லை அப்படியே ‘கில்டி பிளெஷர்’ என்று எழுதுவதுகூட ‘குற்ற இன்பம்’ என்பதைவிட நேர்மையானது. ஏனெனில் அது புரியாதவரைக் கேள்வி கேட்க வைக்கும். தவறாகப் புரிந்துகொள்ள வைக்காது.

என் பரிந்துரை ‘களவுச் சுவை’. களவு என்பதற்குத் திருட்டு, மறைவு என்ற இரு பொருளும் தமிழில் தொன்றுதொட்டு உண்டு. அகத்திணை மரபு, பெற்றோரும் ஊரும் அறியாமல் இருவர் கொள்ளும் காதலைக் களவு என்றே அழைத்தது. அதைக் கண்டிக்கவில்லை, இலக்கணம் வகுத்துப் போற்றியது. இந்தச் சொல்லைக் கேட்டுச் சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை அன்றே உணர்ந்த பழைய அகப்பொருள் இலக்கண உரையான இறையனார் களவியல் உரை, களவு என்ற சொல்லைக் கேட்டதும் அது தீது என்று முடிவுகட்டலாகாது, நல்லதாகும் இடமும் உண்டு என்கிறது. சாவதற்கென ஒரு பெண் கூட்டிவைத்த நஞ்சை, அவள் அறியாமல் இரக்கமுள்ள ஒருவன் எடுத்துச் சென்று கொட்டிவிடுகிறான். அதுவும் களவுதான், அதனால் ஓர் உயிர் பிழைத்தது என்று கதையும் சொல்கிறது. யாருக்கும் கேடில்லாத, ஆனால் பிறர் அறியாமல் நிகழ்கிற ஒன்றைச் சுட்ட இதைவிடத் தகுந்த சொல் நம்மிடம் வேறு இல்லை.

‘இன்பம்’ என்பதை விட்டுச் ‘சுவை’ என்று கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. அறம், பொருளோடு மூன்றாவதாக வைக்கத்தக்க கனம் இன்பத்துக்கு உண்டு. தலையணைக்கடியில் இருக்கும் மலிவுப் பதிப்பின்மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றக் கூடாது. மேலும் ‘களவின்பம்’ என்றால் இலக்கியம் படித்தவர் தலைவனும் தலைவியும் கூடுவதையே நினைப்பார். சுவை என்பது நாவுக்கும் நூலுக்கும் பொதுவானது; தரம் பற்றிய பேச்சும் அதற்குள் அடங்குகிறது. ‘அந்த நாவல்கள் எனக்குக் களவுச் சுவை’, ‘களவுச் சுவைக்காகப் படித்தேன்’ என்று வாக்கியத்தில் இட்டுப் பாருங்கள். நாக்கு எங்கும் இடறவில்லை. குறளில் களவு கண்டிக்கப்படுகிறதே என்றால், அங்கே பேசப்படுவது பிறன்பொருள். தன் சொந்தப் புத்தகத்தை ஒளித்துப் படிப்பவர் யார் பொருளையும் கவரவில்லை.

இந்தக் குழப்பங்கள் எல்லாம் ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன. தொடரைச் சொல் சொல்லாகப் பிரிக்கிறார்கள். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுக்கிறார்கள். இரண்டையும் ஒட்டிவிட்டுத் தூய தமிழ் கண்டதாக மகிழ்கிறார்கள். எழுத்தில் அயலொலி இல்லாததால் மட்டும் ஒரு சொல் தமிழாகிவிடாது. ஆங்கிலத்தில் ‘கம்ஃபர்ட் ரீடிங்’ எனப்படும், தேறுதலுக்காகப் படிப்பதை ‘வசதி வாசிப்பு’ என்று எழுதியவரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே. சூடு ஆறுவதும் புண் ஆறுவதும் மனம் ஆறுவதும் ஒரே வினையாக நம் மொழியில் இருக்க, ‘ஆறுதல் வாசிப்பு’ என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை. இரத்தக் காட்டேரியின் ஆங்கிலப் பெயரான ‘வேம்பயர்’ என்பதைக் ‘குருதியுறிஞ்சி’ ஆக்கியவர் கோமகனைக் கொசுவாக்கிவிட்டார். ‘வேதாளம்’ என்று எழுதுவோரும் உண்டு. ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் விக்கிரமாதித்தன் கதையை ஆங்கிலமாக்கியபோது நம் வேதாளத்தை ‘வேம்பயர்’ என்று பெயரிட்டார். அந்தத் தவறை இப்போது தமிழுக்குத் திருப்பி இறக்குமதி செய்கிறார்கள். வேதாளம் பிறர் பிணத்தில் குடிபுகும் ஆவி. 1730களில் சிலாவிய மொழி வழக்கிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்குப் பரவிய ‘வேம்பயர்’, தன் சொந்த உடலோடு கல்லறையிலிருந்து எழுபவன். ‘இரத்தக் காட்டேரி’ முழுப் பொருத்தம் இல்லாவிட்டாலும் மக்கள் வாயில் புழங்கிவிட்டது. அதை இனி அசைக்க வேண்டியதில்லை.

‘களவுச் சுவை’யைப் பயன்படுத்தக் கூடாத இடமும் ஒன்று உண்டு. இந்நாவல்கள் சிலவற்றில் கோமகன், நாயகி உறங்குவதை அவள் அறியாமல் இரவெல்லாம் பார்த்து நிற்கிறான். அவள் போகுமிடமெல்லாம் பின்தொடர்கிறான். அதைக் காதல் என்று கதை கொண்டாடுகிறது. அதைப் படித்து மகிழ்ந்துவிட்டு, வேட்டையாடுதலைக் காதலாகக் காட்டும் எழுத்தில் மனம் பறிகொடுத்தோமே என்று ஒருவர் உள்ளூர வருந்தினால், அவருடைய உறுத்தல் பிறர் கண்ணுக்கு அஞ்சி எழுந்தது அன்று. யாரும் பார்க்காத அறையிலும் அது இருக்கும். அங்கே ‘குற்றவுணர்வு’ என்பதே சரியான சொல். அதையும் ‘குற்ற இன்பம்’ என்று சுருக்காமல், ‘இதைப் படித்து மகிழ்ந்தேன், மகிழ்ந்ததற்காக எனக்குக் குற்றவுணர்வு எழுகிறது’ என்று முழு வாக்கியமாகவே எழுத வேண்டும்.