நெட்வொர்க்: வலைப்பின்னல்

தொண்டு நிறுவனங்களின் அழைப்பிதழ்களில் 'மாவட்ட நெட்வொர்க்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒரு வட்டாரத்துச் சங்கங்களும் மன்றங்களும் குழுக்களும் தத்தம் பெயரையும் நிர்வாகத்தையும் விட்டுவிடாமல், செய்தி, ஆள், பொருள் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது.

'நெட்', 'வொர்க்' இரண்டும் சேர்ந்த ஆங்கிலச் சொல். 16ஆம் நூற்றாண்டில் நூலாலோ கம்பியாலோ வலைபோலப் பின்னிய வேலைப்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். அப்புறம் ஆறு, கால்வாய், ரயில் பாதை என்று போய், மனிதர்களிடம் வந்தது பின்னால்தான்.

தமிழில் பலர் 'கூட்டமைப்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டமைப்புக்குத் தலைவர், செயலாளர், தீர்மானம் எல்லாம் உண்டு. ஊராட்சி அளவில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இருப்பது அதுதான். தொழிற்சங்கங்களின் 'சம்மேளனம்', வணிகர் சங்கங்களின் 'பேரமைப்பு' இரண்டும் இதே வகை. சரி, கணினித்துறையின் 'பிணையம்'? குழுப் பெண்களிடம் சொன்னால் வங்கியின் 'பிணையமில்லாக் கடன்'தான் நினைவுக்கு வரும். இலங்கையில் எழுதும் 'வலையமைப்பு' நல்ல சொல். ஆனாலும் நான் எழுதுவது 'வலைப்பின்னல்'.

கடற்கரையில் வலையைச் சரிசெய்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரியும். வலையில் தலைமுடிச்சு என்று ஒன்று கிடையாது. ஒரு கண் அறுந்தால் பக்கத்து முடிச்சுகள் வலையைத் தாங்குகின்றன. அவர் ஊசியில் நூல் கோத்து அறுந்த இடத்தை மட்டும் கட்டுகிறார்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாலா பக்கமிருந்தும் தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்தன. யாருக்கும் வேண்டாத பழைய துணி சாலையோரம் மலையாகக் கிடந்தது. மனசு இருந்தது, எந்த ஊருக்கு என்ன வேண்டும் என்ற செய்திதான் ஓரிடத்தில் இல்லை. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும் நாகையின் தொண்டு நிறுவனமான சிநேகாவும் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு 2005 ஜனவரியில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கின. வந்த நிறுவனங்களின் விவரமும் கிராமங்களின் தேவையும் அங்கே சேர்ந்தன.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். செய்தி சேரும் இடம் 'ஒருங்கிணைப்பு மையம்'. அந்தச் செய்தியை வைத்து ஒரு நிறுவனம் இன்னொன்றிடம், "அந்தக் குப்பத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் அடுத்ததற்குப் போங்கள்" என்று சொல்லிக்கொள்ளும் உறவுதான் 'வலைப்பின்னல்'.