கட்டத்துக்குள் 12 இல்லை, 7: சமக்குறி குறித்துப் பெற்றோருக்கும் டியூஷன் எடுப்பவர்களுக்கும்

சென்ற வாரம் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், மகளின் கணக்கு நோட்டோடு பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். 8 + 4 = □ + 5 என்று நான் கொடுத்திருந்த கணக்கில் அந்தச் சிறுமி கட்டத்துக்குள் 7 என்று எழுதியிருந்தாள்; நானும் சரி போட்டிருந்தேன். மாலையில் டியூஷனில் அந்த 7ஐப் பச்சை மையால் அடித்து, மேலே 12 என்று எழுதி, ஐந்து தடவை எழுதி வரச் சொல்லித் தண்டனையும் கொடுத்திருக்கிறார்கள். “நீங்க சரின்னு போட்டதை அங்க தப்புங்கிறாக டீச்சர், புள்ள ராத்திரி பூரா அழுகுது” என்றார். காரைக்குடி வட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் 19 ஆண்டுகளாகப் பிள்ளைகளின் தவறுகளைத் திருத்திப் பழகிய எனக்கு, சரியான விடையை யாரோ திருத்தி அனுப்பினால் என்ன செய்வதென்று உண்மையிலேயே தெரியவில்லை. இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை என்பதால் எழுதுகிறேன்.

12 எங்கிருந்து வருகிறது என்பது எளிது. எட்டும் நாலும் பன்னிரண்டு என்று கூட்டி, குறிக்கு அடுத்திருக்கும் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் + 5 எதற்கு என்று கேட்டால், “அது சும்மா இருக்கு டீச்சர்” என்பார்கள். எதையும் சும்மா விட மனமில்லாத பிள்ளைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டி 17 என்பார்கள். இவர்களில் ஒருவரும் மந்தமில்லை. அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில், இதே கணக்கை 145 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தபோது ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை. மிகப் பெரும்பாலோர் எழுதியது 12. எனவே பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளைக்கு நாம் = என்பதை எப்படி வாசித்துக் காட்டியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

“அஞ்சும் மூணும் எவ்வளவு வரும்?” என்றுதான் வாசித்துக் காட்டியிருக்கிறோம். முதல் வகுப்பிலிருந்து அவர்கள் போட்ட நூற்றுக்கணக்கான கணக்குகளில் கூட்டல் இடப்பக்கமும் காலியிடம் வலப்பக்கமும் இருந்தன. கால்குலேட்டரிலும் அந்தப் பொத்தானை அழுத்தினால் விடை வருகிறது. ஆகவே அந்தக் குறியைப் பிள்ளை ‘இப்போது விடையைப் போடு’ என்று புரிந்துகொள்வதில் வியப்பில்லை. ஆனால் அக்குறி யாரிடமும் எதையும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் ஒரே அளவு என்று மட்டும் சொல்கிறது. 1557இல் இக்குறியை அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்டு, இரண்டு இணைகோடுகளை விடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பதையே காரணமாக எழுதினார். அதை நாம் விடை கேட்கும் கேள்விக்குறியாக மாற்றி வைத்திருக்கிறோம்.

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 12 = 8 + 4 என்று எழுதிக் காட்டினால், “தலைகீழா எழுதிட்டீங்க” என்று பிள்ளை சொல்லும். 7 = 7 என்று எழுதினால், “இதுல கணக்கே இல்லையே” என்று சிரிக்கும். பெரியவர்கள் சிரிக்க வேண்டாம்; மளிகைச் சீட்டின் பின்புறத்தில் நீங்கள் 250 + 80 = 330 + 45 = 375 என்று எழுதுகிறீர்கள். அப்படி எழுதினால் 330ம் 375ம் ஒன்று என்றாகிறது. 250ம் 80ம் சேர்ந்து 330 ஆனதோடு அந்த வரி முடிந்துவிட்டது. அடுத்தது அடுத்த வரியில் வர வேண்டும். வரவும் பற்றும் ஒத்து வரவில்லை என்றால் ஐந்தொகை முடியாமல் விளக்கை அணைக்காத கணக்கப்பிள்ளைகள் இருந்த ஊர் இது. அந்தப் பேரேட்டுக்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ‘இரு பக்கமும் ஒத்திருப்பது’ என்பதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வகுப்பில் நான் இதைச் சொல்வதில்லை, தொங்கவிட்டுக் காட்டுகிறேன். ஒரே அளவுள்ள இரண்டு சின்னப் பனையோலைக் கொட்டான்களை (கூடைகளை), துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனைகளிலும் சம நீள நூலில் கட்டினால் தராசு தயார். எடைக்கு ஒரு ரூபாய் நாணயங்கள். புளியங்கொட்டை வேண்டாம், ஒன்று போல் ஒன்று இருக்காது, பிள்ளைகள் தராசையே நம்ப மாட்டார்கள். நாணயத்திலும் கவனம் தேவை: 2011இல் வந்த புதிய வகை ஏறக்குறைய 22 மி.மீ. அகலமும் 3.79 கிராமும் உள்ளது. அதற்கு முந்தைய எஃகு நாணயம் 25 மி.மீ., 4.85 கிராம். இரண்டையும் கலந்தால் சமம் சமமாக நிற்காது. முதல் ஆண்டில் இது தெரியாமல் 40 பிள்ளைகள் முன்னால் நான் அசடு வழிந்தேன்.

தெரியாத எண்ணுக்குத் தீப்பெட்டி. வலக் கொட்டானில் 7 நாணயம் ஒளித்த தீப்பெட்டியும் அதன் அருகே 5 நாணயங்களும். இடக் கொட்டானில் 8ம் 4ம், கூடவே ஒரு காலித் தீப்பெட்டி. காலிப் பெட்டி எதற்கு என்று ஆசிரியப் பயிற்சியில் எவரும் சொல்லித் தரவில்லை. பெட்டிக்கும் எடை உண்டு, அவ்வளவுதான். ஹேங்கர் நேராக நின்றதும், பெட்டியைத் திறக்காமல் உள்ளே எத்தனை என்று கேட்பேன். யாராவது ஒருவர் வலப்பக்கத்திலிருந்து ஒரு நாணயத்தை எடுப்பார், தராசு சாயும், வகுப்பே கத்தும். பிறகு அவர்களாகவே இரண்டு பக்கமும் ஒன்றொன்றாக எடுப்பார்கள். ஐந்தாவது எடுத்ததும் வலப்பக்கம் பெட்டி மட்டும் நிற்கும், இடப்பக்கம் காலிப் பெட்டியோடு ஏழு நாணயம் நிற்கும்.

இந்தத் தராசு எல்லாவற்றுக்கும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். □ − 3 = 9 என்பதைத் தொங்கவிட்டுக் காட்ட முடியாது; அதைக் கதையாகத்தான் சொல்ல வேண்டும்: கொட்டானில் இருந்த முறுக்கில் 3ஐத் தின்றாயிற்று, 9 மிச்சம், தின்றதைத் திரும்பப் போட்டால் எத்தனை? □ + □ = 14 என்றால் 10ம் 4ம் என்று எழுதும் பிள்ளைகளுக்கு, ஒரே அடையாளத்துக்குள் ஒரே எண்தான் இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது ஊகித்துத் தெரியும் விஷயமில்லை.

இனி டியூஷன் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு. “அந்தப் பக்கம் போனா குறி மாறும்” என்பதைத் தயவுசெய்து தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டு வராதீர்கள். எழுத்துகளை வைத்த இயற்கணிதம் நம் பாடநூலில் ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது; உங்களுக்கு ஏன் இந்த அவசரம்? எண் எந்தப் பக்கமும் நடந்து போவதில்லை. இரு பக்கமும் ஒரே அளவு எடுத்தோம், அல்லது ஒரே அளவு சேர்த்தோம், அதன் சுருக்கெழுத்துதான் அந்த வாய்ப்பாடு. காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளை 12 − □ = 5 என்பதைப் பார்த்ததும், மைனஸ் போனால் ப்ளஸ் என்று 17 எழுதுகிறது; பன்னிரண்டிலிருந்து பதினேழை எடுத்தால் எப்படி ஐந்து மிஞ்சும் என்று அது யோசிப்பதே இல்லை. □ × 3 = 12க்கு, 3ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கழித்து 9 என்று எழுதிய பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு.

பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. = வரும் இடத்தில் ‘வரும்’ என்பதை விட்டுவிட்டு, ‘இதுவும் அதுவும் சமம்’ என்று வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். காலியிடத்தை எல்லா இடத்திலும் மாற்றி மாற்றி வையுங்கள். விடை எழுதியதும் கட்டத்துக்குள் அந்த எண்ணைப் போட்டு இரு பக்கத்தையும் தனித்தனியே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 12 என்று போட்டால் இடப்பக்கம் 12, வலப்பக்கம் 17 என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும், உங்கள் பச்சை மை தேவைப்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடிப்பதற்கு முன் “எப்படிப் போட்டாய்?” என்று ஒரு முறை கேளுங்கள்.

அந்தச் சிறுமியிடம் நான் கேட்டேன். “நாலு அஞ்சாயிருச்சுல்ல டீச்சர், அப்ப எட்டு ஒண்ணு குறையணும்ல” என்றாள். அவள் 12 என்ற எண்ணைக் கூட்டிப் பார்க்கவே இல்லை. என் 19 ஆண்டுகளில் நான்காம் வகுப்பில் இப்படிச் சொன்ன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்குத்தான் ஐந்து தடவை எழுதும் தண்டனை கிடைத்திருக்கிறது.

திருத்தியவர் யாரென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கொட்டான் தராசும் இரண்டு தீப்பெட்டிகளும் 30 நாணயங்களும் என் பீரோவில் இருக்கின்றன. எந்த மாலை வேண்டுமானாலும் வந்து வாங்கிப் போகலாம். எண்ணிப் பார்த்துத் திருப்பித் தந்தால் போதும். சென்ற முறை இரண்டு ரூபாய் குறைந்தது.