குமிழைத் திருகுவதற்கு முன்: தொலைதூர இலக்குச் சுடுதலில் ஸ்கோப்

தொலைதூரச் சுடுதலுக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம் இது. ஒரு குண்டு வலப்பக்கம் விலகியதும் ஸ்கோப்பின், அதாவது துப்பாக்கி மேல் பொருத்தும் குறிநோக்கித் தொலைநோக்கியின், குமிழை இரண்டு கிளிக் (குமிழின் ஒரு படி) திருகுவார்கள். அடுத்தது இடப்பக்கம் போகும். மறுபடி திருகுவார்கள். தோட்டா தீர்ந்த பிறகு பழி ஸ்கோப் மேல் விழும். பெரும்பாலும் ஸ்கோப்பில் குறை இருக்காது. அதைப் பொருத்திய விதத்திலும் அதன் வழியே பார்த்த விதத்திலும்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பு போல்ட்டை (துப்பாக்கியின் பின்பக்க அடைப்பை) கழற்றிவிட்டு, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இதில் சலுகையே கிடையாது.

அதிகம் கவனிக்கப்படாதது சாய்வு. கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவர்சன் தொடங்கிவைத்த எஃப்-கிளாஸ் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். குப்புறப் படுத்து ஸ்கோப் வழியாகச் சுடுவார்கள். அமெரிக்க விதிப்படி 1000 கஜ இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம். நடுவிலிருந்து 5 அங்குலம்தான் நமக்கு இடம். 100 கஜத்தில் சீரோ செய்த, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த, .308 தோட்டா ரைஃபிளை அந்தத் தூரத்துக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 35 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது ஸ்கோப்பும் துப்பாக்கியும் சேர்ந்து ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் போதும், குண்டு பக்கவாட்டில் 6 அங்குலம் தள்ளிப்போய்விடும். 100 கஜத்தில் இது தெரியவே தெரியாது. அதனால் பலரும் காற்றின் மேல் சந்தேகப்படுகிறார்கள்.

ரைஃபிளைத் தாங்கியில் மட்டமாக வைத்து, தூரத்தில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு அந்த நூலோடு ஒன்றும்வரை, அதைப் பிடித்திருக்கும் வளையத்துக்குள் ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். பிறகு திருகுகளை மாற்றி மாற்றி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் திருகியால்) முறுக்குங்கள். அப்புறம் ஸ்கோப்பில் ஒரு சின்ன ரசமட்டத்தைப் பொருத்திவிட்டு, ஒவ்வொரு முறை சுடும் முன்பும் அதைப் பாருங்கள்.

அடுத்தது கண். வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கண்பக்க வளையத்தைத் திருப்பி, குறுக்குக் கோடு பார்த்த கணமே கூர்மையாகத் தெரியும்படி வையுங்கள். வெகுநேரம் உற்றுப் பார்த்தால் மங்கலையும் கண்ணே சரிசெய்துகொள்ளும். அதனால் சட்டென்று பார்த்து, விலகி, மறுபடி பாருங்கள். சூரியன் பக்கம் ஸ்கோப்பைத் திருப்பவே கூடாது.

பிறகு பேரலாக்ஸ், அதாவது இடமாறு தோற்றப் பிழை. துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் மேலும் கீழும் லேசாக நகர்த்துங்கள். குறுக்குக் கோடு இலக்கின் மேல் ஊர்ந்தால், அது நிற்கும்வரை பக்கக் குமிழைத் திருப்புங்கள். குமிழில் அச்சிட்ட தூர எண்களை நம்பி நிறுத்திவிடாதீர்கள். கோடு நிற்கும் இடம்தான் சரியான இடம். தூரம் மாறினால் இதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் சீரோ. ஒரு குண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து சுட்டு, குண்டுத் துளைக் கூட்டத்தின் நடுப்புள்ளியை அளந்து, அதற்குத் தக்கபடி திருகுங்கள். கால் எம்ஓஏ கிளிக் ஒன்று 100 கஜத்தில் கால் அங்குலம். 1000 கஜத்தில் சுமார் 2.6 அங்குலம். திருகிய பின் இன்னொரு ஐந்து சுட்டு உறுதி செய்துகொண்டு, குமிழின் பூஜ்ஜியத்தை அங்கே நிறுத்துங்கள். தோட்டா வகையையும் அன்றைய வெப்பநிலையையும் நோட்டில் எழுதிவிடுங்கள். குளிரில் வெடிமருந்தின் வேகம் குறையும் என்பதால், கோடையில் எடுத்த ஏற்ற அளவு குளிர்காலத்தில் அப்படியே பொருந்தாது.